அல்லி ராஜ்யத்தில் பொன்னி

பன்றி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது கினிப் பன்றியைப் பற்றி. பெயரில்தான் பன்றி. பார்த்தால் வாலில்லாத பெரிய எலி, தொட்டால் வெல்வெட். பழைய அகராதிக்காரர்கள் இதற்குச் ‘சீமைப் பெருச்சாளி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இதற்குச் சொந்த ஊர் கினியும் அல்ல, சீமையும் அல்ல. தென் அமெரிக்காவில் இருக்கும் ஆண்டீஸ் மலை. அங்கே பல ஆயிரம் வருஷங்களாக நம் வீட்டுக் கோழியைப் போல வளர்த்து, குழம்பும் வைத்துவிடுகிறார்களாம். இதை என் பெண் காதில் விழாமல் சொல்கிறேன்.

அவளுடைய பிறந்த நாளுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு வந்து சேர்ந்தன. இரண்டும் பெண். செம்பட்டை நிறத்தவளுக்கு அல்லி என்றும், வெள்ளையும் கறுப்புமாக இருந்தவளுக்குப் பொன்னி என்றும் பெயர் வைத்தோம். எந்த நேரத்தில் வைத்தோமோ, நாலே நாளில் வீட்டில் அல்லி ராஜ்யம் ஆரம்பமாகிவிட்டது! தண்ணீர் முதலில் குடிப்பது அல்லி. நல்ல மூலையில் படுப்பது அல்லி. பொன்னி அங்கே படுத்திருந்தால், அல்லி அவளை மூக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக் கொள்வாள். பொன்னி ஒரு ‘கீச்’ சொல்லிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விடுவாள். அரை மணி கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு தூங்கும். பெரிய குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் பின்னால் என்னை அழ வைத்தது.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி. என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார். மதுரையில் ஆபரேஷன். நாலு மாதம் பெரிய மைத்துனர் வீட்டில் இருந்துவிட்டு, நாலு கால் ஊன்றுகோலோடு ஆயக்குடிக்குத் திரும்பினார். நான் அவரைப் பூப்போலத் தாங்கினேன் என்று பெருமையாகச் சொல்லிக் கொள்வேன். ஒரு துரும்பை எடுத்துப் போட விடவில்லை. “நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் பார்த்துக் கொள்கிறேன்” என்பதே என் வாய்ப்பாடு. அவர் வருவதற்குள் சமையல் அலமாரியைக்கூட என் சௌகரியத்துக்கு மாற்றி அடுக்கியிருந்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக் கொண்டிருப்பார்.

அவர் வந்து ஒரு மாதம் இருக்கும். பொன்னி நகராமல் உட்கார்ந்துவிட்டாள். ரோமம் முள்முள்ளாக நின்றது. தூக்கினால் வலியில் கத்தினாள். பின்னங்கால் மூட்டு வீங்கியிருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 760 கிராம் இருந்தவள் 590-க்கு இறங்கியிருந்தாள்.

என் கணவர் உடனே அலமாரியைக் குடைந்து, யாருக்கோ வாங்கி மிச்சமிருந்த அமாக்ஸிஸிலின் மாத்திரையை எடுத்து வந்தார். “கால் துண்டு கரைத்து ஊற்றினால் போதும்” என்றார். நல்ல வேளை, பழனியிலிருக்கும் கால்நடை வைத்தியருக்குப் போன் செய்துவிட்டுக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் போனிலேயே அலறிவிட்டார்.

இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால், இந்தப் பிராணியின் குடலில் ஜீரணத்துக்கு உதவும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை தலையெடுத்து, ஆளையே முடித்துவிடும். 1940-ல் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியின் குழுவினர் பெனிசிலினைச் சோதித்தது சுண்டெலிகளிடம். அவை பிழைத்தன. 1943-ல் கினிப் பன்றிகளுக்குப் போட்டபோது அவை செத்தன. முதல் சோதனைக்கே கினிப் பன்றி அகப்பட்டிருந்தால் அந்த மருந்தை விஷம் என்று மூலையில் போட்டிருப்பார்களோ என்னவோ! உங்கள் வீட்டிலும் கணவர் என்று ஒருவர் இருந்து, மாத்திரை டப்பா என்று ஒன்றும் இருந்தால் இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

வைத்தியர் பொன்னியின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். ரத்தக் கசிவு. “வைட்டமின் சி குறைவு. ஸ்கர்வி” என்றார். “எந்த ஊர் நீங்கள்?”

“ஆயக்குடி.”

அவர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. ஆயக்குடி என்றால் கொய்யா. திண்டுக்கல்–பழனி சாலையில் வருகிற பாதயாத்திரைக்காரர்கள்கூட எங்கள் ஊர்க் கொய்யாவைக் கடித்துக் கொண்டுதான் மலையைப் பார்க்கிறார்கள். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 10 முதல் 30 மில்லிகிராம்தான். விதையை எடுத்துவிட்டுக் கட்டை விரலளவு ஒரு துண்டு கொடுத்தால் தீர்ந்தது.

பெரும்பாலான பிராணிகள் இந்தச் சத்தைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக் கொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் கினிப் பன்றிக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியமாகப் போட்டு, கப்பல்காரர்களுக்கு வரும் அதே ஸ்கர்வியை வரவழைத்துக் காட்டினார்கள்.

“நான் தினமும் கொய்யா போடுகிறேனே!” என்றேன்.

“எத்தனை தட்டில்?” என்று கேட்டார் வைத்தியர்.

ஒரே தட்டில்! கோடையில் பச்சைப் புல் அகப்படாமல், காய்ந்த கோ-4 புல்லும் முயல் தீவனமும்தான் போட்டுக் கொண்டிருந்தேன். முயல் தன் வைட்டமினைத் தானே செய்து கொள்ளுமாதலால் அதன் தீவனத்தில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. ஆக, பொன்னிக்கு இருந்த ஒரே கதி அந்தக் கொய்யாத் துண்டு. அதை முழுக்க முழுங்கிவிட்டு வந்தவள் அல்லி. நான் பார்க்கும்போது தட்டு காலியாக இருக்கும். இரண்டும் சாப்பிட்டுவிட்டன என்று திருப்தியோடு தட்டைக் கழுவி வைப்பேன்.

ஊசி போட்டு, சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொன்னியைத் தனிப் பெட்டியில் போட்டு, பக்கத்து அறைக்குக் கொண்டு போனேன். யார் என்ன தின்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அந்த அல்லி அட்டூழியத்துக்கு அவளுக்கும் தண்டனை வேண்டாமா?

தண்டனை பொன்னிக்குத்தான் கிடைத்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் ஒரு புல்லைத் தொடவில்லை. இந்தப் பிராணியின் குடல் ஓயாமல் ஓட வேண்டிய மில். அரை நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. தீவனத்தை ஊறவைத்து அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மூன்று மணிக்கு ஒரு தரம். இரவு இரண்டு மணிக்கு நான் தள்ளாடி எழுந்து வந்தால், அத்தை கட்டிலில் விழித்துக் கொண்டிருந்தார்.

“எனக்கு எப்படியும் தூக்கம் வரலே. அந்தச் சிரிஞ்சை இங்கே குடு.”

“வேண்டாம் அத்தை, உங்களுக்கு எதற்குச் சிரமம்?”

“குடுன்னா குடு கண்ணு!”

அன்று முதல் இரவு டூட்டி அத்தையுடையதாயிற்று. ‘எலிக்கு வைத்தியமா?’ என்று முதல் நாள் முகவாயில் கை வைத்தவர் அவர்தான்!

அடுத்த அறையிலோ அல்லி இரண்டு நாளாக விசில் அடித்துக் கொண்டே இருந்தாள். வைத்தியரிடம் மறுபடி போன் செய்தேன். “இருமல், சளி, படை போல ஒட்டுகிற வியாதி என்றால் வேறு அறைதான். இது ஒட்டாது. நடுவே கம்பி வலை வைத்துப் பக்கத்தில் வையுங்கள்” என்றார்.

வைத்தோம். பொன்னி மெள்ளத் திரும்பினாள். மூக்கை வலையருகே கொண்டு போனாள். அந்தப் பக்கம் அல்லி சரக் சரக்கென்று புல்லைக் கடிக்கும் சப்தம் கேட்டது. சிறிது நேரத்தில் பொன்னியும் ஒரு புல்லை இழுத்தாள். வீடே கூடி நின்று பார்த்தோம். சோறு உண்ட முதல் குழந்தைக்குக்கூட நாங்கள் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஜெர்மனியில் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸாக்ஸர் என்ற பேராசிரியரும் சகாக்களும் இதைச் சோதித்து 1998-ல் எழுதியிருக்கிறார்கள். ஆண் கினிப் பன்றி ஒன்றைப் புதுக் கூண்டில் தனியாக விட்டால், கலவரம் வந்தால் உடம்பில் ஊறும் கார்ட்டிசால் என்ற ரசம் மளமளவென்று ஏறுகிறது. அறிமுகமில்லாத பெண்ணைத் துணைக்கு விட்டாலும் பயனில்லை. சும்மா முகம் தெரிந்தவளை விட்டாலும் அப்படியே. ஒட்டி உறவாடியவள் வந்தால்தான் ஏற்றம் தணிகிறது. ஸ்விட்ஸர்லாந்தில் 2008-லிருந்து, இப்படிக் கூடி வாழும் பிராணிகளை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

தினம் காலையில் தராசு. 610, 635, 660. இரண்டு வாரத்தில் 700-ஐத் தொட்டாள். மூட்டு வீக்கம் வடிந்தது. ‘இனிமேல் ஒன்றாக விடலாம்’ என்று வலையை எடுத்தேன்.

ஐயோ, அந்தக் காட்சி! அல்லி ‘ட்ர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிப் பொன்னியைச் சுற்றி வந்தாள். மருந்து வாடை பிடிக்கவில்லையோ என்னவோ, பல்லை நறநறத்தாள். பொன்னி ஓடிப் போய் மண்சட்டிக்குள் நுழைந்தாள். சட்டிக்கு ஒரே வாய். வாசலில் அல்லி. உள்ளேயிருந்து பொன்னியின் அலறல். “இனி ஜன்மத்துக்கும் இவற்றைச் சேர்க்கக் கூடாது” என்று என் கணவர் தீர்ப்புச் சொன்னார். நானும் ஆமோதித்து வலையை மறுபடி வைத்தேன்.

“தப்பு அவ மேலே இல்லே. அவ வீட்டுக்குள்ளே கொண்டு போய் விட்டுட்டு, விருந்து வைன்னா வைப்பாளா?” என்றார் அத்தை நாற்காலியிலிருந்து.

பிறகு வைத்தியர் சொன்னதற்கும் அத்தை சொன்னதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இருவரும் படுத்த துணிகளை இடம் மாற்றிப் போட்டோம், வாடை பழகட்டும் என்று. கூண்டைக் காடி கலந்த நீரால் கழுவினோம். யாருக்கும் சொந்தமில்லாத தாழ்வாரத்தில் பழைய போர்வையை விரித்து, நடுவே அறுகம்புல்லை மலைபோலக் குவித்தோம். மண்சட்டியை எடுத்துவிட்டு, கொய்யா வந்த அட்டைப் பெட்டிகளில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டினோம், துரத்தினால் தப்பிக்க வழி வேண்டுமே. நான் கையில் தடித்த துண்டோடு நின்றேன். உண்மையில் சண்டை மூண்டால் வெறுங்கையை நீட்டக் கூடாது. நம் விரல் போய்விடும்.

அல்லி மறுபடி உறுமினாள். துரத்தினாள். மேலே ஏறினாள். மோவாயை உயர்த்தி நின்றாள். பொன்னி கீச்சிட்டாள். நான் துண்டோடு பாய்ந்தேன்.

“விடு கண்ணு. அதட்டட்டும்” என்றார் அத்தை. “அதட்டாம ஒதுங்கிப் போனாத்தான் பயப்படணும். அப்போ இவ வீட்டு மனுஷி இல்லே, வந்து போற விருந்தாளின்னு அர்த்தம்.”

நான் நின்றுவிட்டேன். துண்டு கையில் இருந்தது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. கினிப் பன்றிகளைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார்.

அவர் சொன்னது சரிதான். இரண்டும் நேருக்கு நேர் நிமிர்ந்து, பிடரி மயிர் சிலிர்த்து, பல்லைக் காட்டிக் கொட்டாவி விட்டு, ஒன்றன் மேல் ஒன்று பாய்ந்தால் அது சண்டை; ரத்தம் வருமுன் பிரித்துவிட வேண்டும். ஒன்று அதட்ட, மற்றது தலையைத் தாழ்த்தி விலகினால் அது சண்டையல்ல. வீட்டு வரிசை மறுபடி அமைகிறது. பாதியில் புகுந்து பிரித்தால், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பொன்னி தாழ்ந்து விலகினாள். ஒரு மணி நேரத்தில் இரண்டும் புல் மலையின் இரண்டு பக்கமும் தின்று கொண்டிருந்தன. மாலையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு மூக்குகள் தெரிந்தன.

அன்றிலிருந்து கொய்யாவுக்கு இரண்டு தட்டு, நாலடி இடைவெளி. இரண்டும் தின்று முடிகிற வரையில் ஒருவர் பக்கத்தில் நிற்பது. வாரம் ஒரு தரம் எடை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வைத்தியர்.

அன்றிரவு சமையல் அலமாரியைப் பழையபடி அடுக்கி வைத்தேன். அத்தைக்கு எட்டுகிற தட்டில் புளியும் பருப்பும். மறுநாள் கொய்யா நறுக்கும் மணையை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனேன்.

இப்போது எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு என்ன கேட்கும் தெரியுமா? “இது கத்தியா, கரண்டியா? சாணைக்காரன் வந்தா கூப்பிடத் தெரியாதா உனக்கு?” என்று அத்தை கேட்பார். “நேற்று ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டியது யார் அத்தை?” என்று நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். இரண்டு பேர் குரலுக்கும் மேலே, தாழ்வாரத்திலிருந்து இரண்டு விசில்.