தோல்பாவைத் திரையில் நல்லதங்காள்

உயிரற்ற உருவத்தை அசைத்துக் கதை சொல்வதில் கார்ட்டூனுக்கு மூத்தது தோல்பாவைக்கூத்து. தாமிரபரணிக் கரை, அதற்குத் தெற்கே குமரி மாவட்டம் எனத் தென்கோடி ஊர்களில் அதை நடத்திவந்தவர்கள் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். குற்றம் செய்தவருக்காகப் பார்ப்பவரை அழவைக்கும் வித்தை அவர்களுடைய நல்லதங்காள் கதையில் முழுமையாக இருக்கிறது.

பஞ்சம் பிழைக்க மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பிறகு பச்சை விறகும் ஓட்டைப் பானையும் தருகிறாள். பிள்ளைகளை அவள் தள்ளிக் கொல்லும் கிணறு அதன் பிறகே வருகிறது. பார்ப்பவர் அவளுடைய பசியில் நெடுநேரம் கூடவே இருந்துவிட்டதால், கொலையையும் தாயின் பக்கம் நின்றே பார்க்க வேண்டியதாகிறது. செயலின் கொடுமையைக் கதை குறைப்பதில்லை. மூத்த பிள்ளை தன்னையாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவனையும் அவள் விடுவதில்லை. கதையின் உயிர் இந்த இடம்தான். இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பரிதாபம். விருதுநகர் மாவட்டம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவையின் முகம் மாறாது. யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய 1992ஆம் ஆண்டு ராமாயணக் கார்ட்டூன் படத்தில் துயரத்தை முகத்திலேயே வரைந்துவிட முடிந்தது. கூத்தில் அது குரலிலிருந்து வர வேண்டும். திரைக்குப் பின்னால் எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசுபவர் ஒருவரே. தாயாக ஒப்பாரி வைத்த தொண்டைதான் அடுத்த கணம் பிள்ளையாகக் கெஞ்சுகிறது. கொல்பவளையும் சாகிறவனையும் ஒரே குரலில் கேட்பவரால் ஒருவரை மட்டும் வெறுத்து ஒதுக்க முடிவதில்லை.

கதைக்கு ஒரு குறையும் உண்டு. அண்ணிக்கு மட்டும் துளி நியாயமும் இல்லை. தாயின் மேல் எழ வேண்டிய கோபம் முழுவதும் அவள் தலையில் இறங்குகிறது. ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைப் பலிகொடுக்கும் எளிய வழி இது.

கம்பன் படைத்த கும்பகருணனுக்கு அப்படி ஒரு சுமைதாங்கி தேவைப்படவில்லை. சீதையைச் சிறைவைத்தது தவறு என்று இராவணனிடமே சொல்கிறான். ஆனாலும் அண்ணனுக்காகப் போருக்குப் போகிறான். இராமனோடு சேர்ந்துவிட்ட தம்பி வீடணன் வந்து அழைத்தும் அணி மாறவில்லை. வீழும்போது, தன்னைக் கொல்லும் இராமனிடமே அந்தத் தம்பிக்குப் பாதுகாப்புக் கேட்கிறான்.