விலகி நின்ற எறும்புகள்

திருமறையின் 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரைத் தாங்கியது. சுலைமான் நபியின் படை வருவது கண்டு தன் இனத்தாரை எச்சரித்த எறும்பை அதில் காண்கிறோம். அதனை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கையில், 2018இல் வெளியான ஓர் ஆய்வு எம் நினைவுக்கு வரும்.

ஐரோப்பியத் தோட்டங்களில் வாழும் கரிய எறும்பினத்தை ‘மெட்டாரைசியம்’ என்னும் பூஞ்சை கொல்லும். அதன் வித்துகள் மேல்தோலில் ஒட்டி, துளைத்து, உட்புகும். இரைதேடும் எறும்புகள் சிலவற்றின்மீது ஆய்வாளர் அவ்வித்துகளை இட்டனர். நோய் முற்றுமுன்னரே, ஒரு நாளைக்குள், அவை கூட்டுக்கு வெளியே கூடுதல் நேரம் தங்கலாயின. வித்துப் படாத எறும்புகளும் தம் நடமாட்டத்தை மாற்றிக்கொண்டன. செவிலி எறும்புகள் குஞ்சுகளைக் கூட்டின் உட்புறம் கொண்டு சென்றன. இதனால் அரசியும் இளம் எறும்புகளும் பெரிதும் காக்கப்பட்டன.

2020இல் எம் தமையனார் பெருந்தொற்றால் மவுத்தானார். சந்தூக்கைத் தோளில் சுமக்கும் பேறு எமக்கோ அவர்தம் மக்களுக்கோ வாய்க்கவில்லை. இல்லத்திலிருந்தே துஆச் செய்தோம். “அத்தாவைக் கைவிட்டோமே” என அம்மக்கள் இன்றும் கண்கலங்குவர். அவர்களுக்கு யாம் இவ்வெறும்புகளின் செய்தியையே கூறி வருகிறோம். அன்று விலகி நின்றதால் காக்கப்பட்ட உயிர்கள் எத்தனையோ! அந்த நன்மையில் அன்னாருக்கும் பங்குண்டு. வல்ல நாயன் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக!