ஒரு கிலோ பவுடர்

விருதுநகர் மாவட்டத்துப் பெண்களுக்குத் தீயைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் பெண்களின் கைகள் ஏராளம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வீட்டுக்குள்ளோ, ‘ஸ்டவ் வெடித்துவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனையோ சாவுகளை முடித்துவைத்தார்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்க, 1986இல் 304பி என்றொரு சட்டப் பிரிவு தேவைப்பட்டது. தீயோடு வேலை செய்யவும் தீயில் சாகவும் நாங்கள் தனியாகப் போதும். தீயை அணைக்கும் கருவி வாங்க மட்டும் ஆண் துணை வேண்டும்.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் நான்தான் கார் ஓட்டுகிறேன். பழைய பெட்ரோல் கார். எலி கடித்த வயரை இரண்டு முறை மாற்றியாயிற்று. கடைக்காரர், “சார் வரட்டும் டீச்சர், அவர்ட்ட சொல்லிக்கிடுதேன்” என்றார். “ஓட்டுறது நான்தான், எங்கிட்டயே சொல்லுங்க” என்றேன். கைக்கு அருகில் இருந்த கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடுத்து வைத்தார். நான் அதைத் திருப்பி வைத்தேன்.

காரணம் எளிது. கார்பன் டை ஆக்சைடு எஞ்சினை அழுக்காக்காது. ஆனால் திறந்த வெளியில், அதுவும் மலையிலிருந்து இறங்கும் ஆடிக் காற்றில், நிற்காமல் கலைந்துவிடும். தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். எஞ்சினில் எரிவது ஒரு பொருளல்ல: பெட்ரோல், ஆயில், வயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து எரியும். ஏபிசி பவுடர் இவை எல்லாவற்றுக்கும் ஆகும். அதன் தூள் உலோகத்தை அரிக்கும், பிறகு கழுவித் துடைக்க வேண்டும் என்பது உண்மை. தடயமே விடாத ‘கிளீன் ஏஜென்ட்’ வகையும் உண்டு. விலை எனக்கு எட்டவில்லை. ஐஎஸ் 15683 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் பார்த்து, கேஜ் முள் பச்சையில் நிற்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று சரிபார்த்து, ஒரு கிலோ ஏபிசி வாங்கினேன். அதை டிக்கியில் போடவில்லை. உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும்படி முன் சீட்டருகே பிடிப்பு வைத்து மாட்டினேன்.

வகுப்பில் மாணவிகளுக்கு அதைக் காட்டினேன். எஞ்சினை அணை, எல்லோரையும் இறக்கு, 101ஐ அழை. பானட்டை முழுதாகத் திறக்காதே, காற்று புகுந்தால் தீ சீறும். பூட்டை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியே தீயின் அடியைப் பார்த்து அடி. பத்து விநாடிக்குள் சிலிண்டர் காலியாகிவிடும். அதற்குள் அடங்கவில்லையென்றால் விட்டுவிட்டு விலகிப் போ. பேட்டரியில் ஓடும் வண்டியின் பேட்டரியே பற்றினால் இந்தப் பவுடரை நம்பி நிற்கவே வேண்டாம். முதலிலேயே தூரப் போய்விடு.

“அம்மா, ஸ்கூட்டி அப்பா பேர்ல இருக்கு. எரியவிட்டுட்டு வந்தா திட்டுவாரே?” என்றாள் ஒருத்தி.

பின்னை இழுக்க ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தக் கேள்விக்குத்தான் மிச்ச வகுப்பு முழுவதும் ஆயிற்று. பாத்திரம், நகை, வண்டி, குடும்பத்தின் பெயர் என எதையாவது காப்பாற்றிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வண்டி போனால் வேறு வாங்கலாம், திட்டினால் திட்டட்டும் என்றேன். அவள் சிலிண்டரை வாங்கி, கையில் எடை பார்த்தாள்.