பைரவருக்குச் செய்த செலவு



சென்ற மார்கழியில் எங்கள் நாய் ராணி உணவைத் தொடாமல் தண்ணீரையே குடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் உயிர் தங்காது என்றார் மிருக வைத்தியர். மனிதருக்குள்ள இலவச வைத்தியம் இந்த பிரித்தானியாவில் பிராணிகளுக்கு இல்லை. காப்புறுதியும் நான் எடுக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் எனக்குத் தொகையைக் கேட்டதும் தலை சுற்றியது.

பிள்ளையார் அபிஷேகத்துக்கென எடுத்துவைத்த பணந்தான் கையிலிருந்தது. மனம் கூசியது. குருக்களைக் கேட்டேன். "பைரவரின் வாகனம் அல்லவா அம்மா, முதலில் அதைக் காப்பாற்றுங்கள்" என்றார். மீதியைத் தவணையில் கட்ட வைத்தியசாலை சம்மதித்தது. ராணி பிழைத்தாள்.

பின்னர்தான் ஒன்று அறிந்தேன். ஏழைகளின் பிராணிகளுக்காக மரியா டிக்கின் அம்மையார் 1917இல் லண்டன் வைட்சப்பலில் தொடங்கிய பி.டி.எஸ்.ஏ. இன்றும் குறிப்பிட்ட அரச உதவித்தொகை பெறுவோருக்கு, வசிக்கும் இடத்தைப் பொறுத்து, இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் செய்கிறது. முன்பே அறிந்திருந்தாலும் கேட்க வெட்கப்பட்டிருப்பேன். நீங்கள் வெட்கப்படாதீர்கள். பெண் நாயானால் காலத்தோடு கருத்தடை செய்துவிடுங்கள். செலவு குறைவு, இந்த ஆபத்தும் நீங்கும்.

அபிஷேகக் கடன் இன்னும் நிற்கிறது. மாதம் 5 பவுண் உண்டியலில் சேர்த்து வருகிறேன். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார்.