குறைத்த சோற்றுக்குப் பதில் என்ன?

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் நம் பக்கம் முதலில் கைவைப்பது சோற்றில்தான். மூன்று கரண்டி இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மோருக்குச் சோறே வேண்டாம் என்றொரு வைராக்கியமும் வரும். ஆனால் தட்டில் காலியான இடத்துக்கு வேறெதுவும் வருவதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கே வயிறு கேட்கத் தொடங்கும். டீக்கடை வடையில் ஆரம்பிப்பது இரவு பரோட்டாவில் போய் நிற்கும். சில நாளில் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டு, தனக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். அந்த நோதல் அநியாயம். பசியை அடக்கச் சொல்வதைவிடப் பசி ஆறும்படி சாப்பிடச் சொல்வதே சரியான வழி. அதற்குக் குறைத்த சோற்றின் இடத்தில் பயறும் காயும் முட்டையும் ஏற வேண்டும். இது திண்டுக்கல் சமவெளிக்குப் புதிய பாடமாக இருக்கவே கூடாது. வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கொள்ளும் சோளமும் தலைமுறைகளாக விளைகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தினமும் லாரி லாரியாகக் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. விளையும் ஊரிலேயே தட்டில் இவை ஓரத்துக்குப் போய்விட்டன.

புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. புரதம் குடலை எட்டும்போது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. புரதத்தைச் செரிக்கவே அதிலுள்ள சக்தியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு இந்தச் செலவு 5 முதல் 10 சதவீதம்தான். பயறுகளிலும் காய்களிலும் உள்ள கரையும் நார், நீரை இழுத்துக் கூழாகி இரைப்பை சீக்கிரம் காலியாகாமல் பார்த்துக்கொள்கிறது. 2005-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில் 19 பேருக்குப் புரதத்தின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தினார்கள். மாவுச்சத்தின் பங்கைத் தொடவில்லை, கொழுப்பைத்தான் குறைத்தார்கள். பிறகு வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். யாரும் கையைப் பிடித்துத் தடுக்காமலேயே அவர்கள் நாளுக்குச் சராசரியாக 441 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் ஏறத்தாழ 5 கிலோ குறைந்தது. சிறிய ஆய்வு, உணவையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மாசசூசெட்ஸில் 240 பேரிடம் வீட்டுச் சாப்பாட்டோடு நடந்தது. ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று ஒரே ஒரு யோசனை. மற்றதற்கு அமெரிக்க இதயச் சங்கத்தின் நீண்ட விதிகள் முழுவதும். ஓராண்டு முடிவில் விதிகளைப் பின்பற்றியவர்களுக்கு 2.7 கிலோ குறைந்தது, நாரை மட்டும் கூட்டியவர்களுக்கு 2.1 கிலோ. இவை பெரிய எண்கள் இல்லைதான். ஆனால் எதையும் விலக்கச் சொல்லாமல் இவ்வளவு குறைந்தது என்பது எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

திண்டுக்கல்லைப் பற்றிப் பேசும்போது பிரியாணியைத் தாண்டிப் போக முடியாது. பிரியாணியில் கறி இருக்கிறதே, அது புரதம்தானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. திண்டுக்கல் பிரியாணியின் தனித்தன்மையே சீரகச் சம்பாவும் சிறிதாக நறுக்கிய ஆட்டுக்கறியும். தட்டை நிறைப்பதும் வயிற்றை நிறைப்பதும் அந்த அரிசிதான். கறி வாசனையும் ருசியும் தருகிறது. அரிசியை அரைத் தட்டாக்கி, பருப்பும் கத்தரிக்காயும் சேர்ந்த தால்சாவை ஒரு கிண்ணம் நிறைய வாங்கி, கறியைக் கூட்டிக்கொண்டால் பிரியாணியும் இருக்கும், பசியும் ஆறும்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி வாரம் ஒருமுறை கொள்ளு ரசம் வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் 8 கிராம் நாரும் உண்டு. ஆனால் வேகவைத்த தண்ணீரை ரசமாக்கிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வெந்த கொள்ளை மாட்டுக்குப் போட்டால், அந்தப் புரதத்திலும் நாரிலும் பெரும்பங்கு மாட்டுக்குத்தான் போகிறது. சுண்டலாகவோ துவையலாகவோ அந்தக் கொள்ளையே சாப்பிட வேண்டும். கூடவே அது தட்டில் பிடிக்கும் இடத்துக்குச் சோறு குறைய வேண்டும். வழக்கமான சோற்றுக்கு மேல் கொள்ளையும் சேர்த்துக்கொண்டால் எடை கூடத்தான் செய்யும்.

நம் தாத்தாக்கள் சோறு சாப்பிட்டு ஒல்லியாக இருக்கவில்லையா என்பது எல்லோரும் சொல்லும் மறுப்பு. இந்த மேட்டுநிலத்தில் பெரும்பாலோருக்கு அரிசிச் சோறு நல்லநாள் உணவாகவே இருந்தது. அன்றாடம் கம்பும் சோளமும்தான். பகல் முழுக்கக் கமலை இறைத்தும் களை வெட்டியும் அதைச் செரித்தார்கள். அந்த ஒல்லியில் பட்டினிக்கும் பங்கிருந்தது என்பதால் அதைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் கம்புக்கே திரும்பிவிடலாமா என்றால் அதுவும் அரைகுறை விடைதான். கம்பில் அரிசியைப்போல் நான்கு மடங்கு நார் இருந்தாலும் கலோரி ஏறத்தாழ அரிசிக்குச் சமம். கம்மங்கூழோடு மோர்மிளகாய் மட்டும் கடித்துக்கொண்டால் போதாது. தட்டைப்பயறும் கீரையும் வேண்டும்.

இதெல்லாம் காசுள்ளவர் சமாச்சாரம் என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய விலையில் ஆட்டுக்கறி தினக்கூலிக்காரர் வீட்டுக்கு எட்டாது. கணக்கைப் பயற்றில் வைத்துப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவுகோல். அதில் 32 கிராமை அரிசியிலிருந்தே பெறலாம், ஆனால் 400 கிராம் அரிசி சமைக்க வேண்டும்; கூடவே 1,400 கலோரி உள்ளே வரும். அதே 32 கிராம் புரதத்துக்குக் கொள்ளோ பாசிப்பயறோ 150 கிராம் போதும், 500 கலோரிதான். இரண்டையும் கலந்து சாப்பிட்டால் ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றது ஈடுகட்டும். வாயுத் தொல்லைக்கு அஞ்சி ஒதுங்குபவர்கள் இராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கலாம். முளைகட்டினால் இன்னும் நல்லது. நாள்தோறும் ஒரு கைப்பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தட்டை மாற்றக்கூடாது.

ஆனாலும் தனிமனிதரிடம் மட்டும் இதைச் சொல்லிவிட்டு நகர்வது சரியில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அதற்கு ஐந்தாண்டுக்கு முன் அது 31 சதவீதம். இத்தனை பேரின் மனக்கட்டுப்பாடு ஒரே நேரத்தில் தளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? ரேஷன் கடையைப் பாருங்கள். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 165 கிராம் அரிசி, 8 கிராம் பருப்பு. அரிசி கொடுத்துப் பட்டினியை ஒழித்த திட்டம் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, சேர்க்கச் சொல்கிறேன். பள்ளிச் சத்துணவில் வாரம் 5 முட்டையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் போடத் தெரிந்த அரசுக்கு, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அந்த இரண்டு கிலோவுக்குக் கொள்ளும் தட்டைப்பயறும் கொடுக்கலாம். அதை வேடசந்தூர் மானாவாரி விவசாயியிடமே அரசு நேரடியாகக் கொள்முதல் செய்யலாம். அப்போது, மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வரும் பெண்ணின் வீட்டு அடுப்பில் காலையில் சுண்டல் வேகும்.