எங்கள் கூடத்தில் பெய்த மழை

தோழியரே, திரையரங்கில் மழைக் காட்சி வந்தால் நம் தலைக்குப் பின்னாலும் மழை கேட்குமல்லவா? அந்த மழையை எங்கள் வீட்டுக் கூடத்தில் பெய்விக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்!

கோடை விடுமுறையில் மாமா தம் பழைய ஆம்ப்ளிஃபயரையும் ஆறு ஸ்பீக்கர்களையும் எங்களுக்குத் தந்தார். முன்னால் இடம், வலம், நடு என மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கென்றே பெரிய பெட்டி ஒன்று.

கணினியின் பச்சைத் துளையில் ஒயரைச் செருகினேன். முன்னிரண்டும் பாடின, பின்னிரண்டும் மௌன விரதம்! அந்தத் துளை இடம், வலம் என இரண்டு ஒலிகளையே தருமாம். பிறகு ஆப்டிகல் கேபிள் வாங்கினோம். அதன் நுனியில் சிவப்பு ஒளி தெரிந்ததும் வெற்றி என்று துள்ளினேன். மறுபடியும் மௌனம். இரண்டு நாள் பிடுங்குவதும் செருகுவதுமாகவே போயிற்று. "இது வீடா, ரேடியோக் கடையா?" என்றார் அம்மா.

தவறு கேபிளில் இல்லை. அதன் வழியே ஆறு ஒலிகளும் போக வேண்டுமானால், டால்பி டிஜிட்டல் போன்ற முறையில் சுருக்கிக் கட்டிய மூட்டையாகத்தான் போக முடியும். 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு திரையரங்குகளுக்கு வந்த முறை அது. எங்கள் டிவிடியில் மூட்டை பத்திரமாகவே இருந்தது. கணினியில் படம் ஓட்டும் மென்பொருள்தான் கெட்டிக்காரத்தனமாக அதை வழியிலேயே அவிழ்த்து, இரண்டாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது! அவிழ்க்காமல் அப்படியே அனுப்பும்படி அமைப்பை மாற்றினேன். (எச்டிஎம்ஐ உள்ள புதிய ஆம்ப்ளிஃபயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.) அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் மழை கொட்டியது. தம்பி ஜன்னலைச் சாத்த ஓடினான்!

தாத்தா மட்டும் வழக்கமான புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தம். எங்கள் மகிழ்ச்சிக்காகப் படம் பார்ப்பாரே தவிர, பேச்செல்லாம் அவருக்குப் பின்னணி இசையில் கரைந்துவிடும். அப்போதுதான் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது: படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். ஆம்ப்ளிஃபயரில் அதை மட்டும் உயர்த்தினேன். மழை அப்படியே இருக்க, பேச்சு மட்டும் முன்னால் வந்தது.

தாத்தாவின் புன்னகை மறைந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "ஏன் பாப்பா, இந்த அம்மா இவ்வளவு நேரமும் அழுதது மகனை நினைத்தா?" என்று கேட்டார்.

அந்தப் படத்தை அவர் எங்களோடு பார்ப்பது அது மூன்றாம் முறை.