கரண்டுப் படிப்புக்கு ஒரு கணக்கு

அக்கா மகன் பத்தாவது முடித்துவிட்டான். "மாமா, ட்ரிபிள்ஈ (மின், மின்னணுப் பொறியியல்) படிச்சா போட்ட காசு திரும்புமா?" என்று நேற்று கேட்டான். இந்த வயதில் அந்தக் கேள்வி வந்ததே பெரிது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கட்டணம் மட்டுமா செலவு? சம்பாதிக்காமல் கழியும் வருடங்களும் செலவுதான். பிளஸ் டூ போய் பி.டெக். என்றால் 6 வருடம். புதுச்சேரி லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமா, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.டெக். இரண்டாம் ஆண்டு என்றாலும் அதே 6 வருடம். ஆனால் பாதி வழியிலேயே கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வீட்டில் முடை என்றால் வேலைக்குப் போய்விடலாம். எனக்கு இதுதான் சரியாகப்படுகிறது.

பெற்றோர்களே, கடன் வாங்கி நன்கொடை கட்டும் முன் அரசு இடங்களுக்குப் புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கில் விண்ணப்பியுங்கள்.